பதின்பருவத்தினருக்கான பேய்க் காதல் கதை: அச்சத்தையும் அன்பையும் பொய்யின்றி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியவர்கள் யாரும் பரிந்துரைக்காமலேயே பதின்பருவத்துப் பிள்ளைகள் தேடிப் படிக்கும் கதைகள் இரண்டு வகை: பேய்க்கதையும் காதல் கதையும். இரண்டையும் வெறும் பொழுதுபோக்கு என்று வீட்டிலும் பள்ளியிலும் ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் எழுதுபவர்களும் கைக்கு வந்ததை எழுதினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 13 முதல் 18 வயதுக்குள் இருக்கும் ஒருவருக்கு அச்சமும் காதலும் முதன்முறையாக முழு வலிமையோடு வருகின்றன, இரண்டும் உடலில் ஏறக்குறைய ஒரே விதமாகவே வெளிப்படுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் கெடுகிறது, சோறு இறங்குவதில்லை, என்னவென்று வீட்டில் கேட்டால் சொல்ல வாய் வருவதில்லை. பேய்க் காதல் கதை இந்த ஒற்றுமையின்மீதுதான் நிற்கிறது. அதை உணர்ந்து எழுதினால் கதை படிப்பவரின் வாழ்வைத் தொடும். உணராவிட்டால் அலறலும் முத்தமும் மாறி மாறி வரும் பக்கங்களே மிஞ்சும்.

தமிழில் இந்த இணைப்பு மிகப் பழையது. சங்க அகப்பாடல்களின் குறிஞ்சித் திணையில் வரும் வெறியாட்டை எண்ணிப் பாருங்கள். களவுக் காதலால் தலைவி மெலிகிறாள், தெய்வம் அணங்கி வருத்துவதாக எண்ணிய தாய், வேலன் எனப்படும் முருகன் பூசாரியைச் சாமியாட அழைக்கிறாள், ஆட்டுக்குட்டி பலியாகிறது. குறுந்தொகையின் 362ஆம் பாடலில் தோழி வேலனைப் பார்த்து, இவளை இப்படி வருத்திய மலைநாடனின் மார்பும் நீ கொடுக்கும் பலியை உண்ணுமோ என்று கேட்கிறாள். நற்றிணையின் 34ஆம் பாடலில் தோழி முருகனிடமே பேசுகிறாள்: நோய்க்குக் காரணம் நீ இல்லை என்று தெரிந்தும் வேலன் அழைத்ததற்காக வந்து நிற்கிறாயே, கடவுளாகவே இருந்தாலும் நீ அறியாமை உடையவன் என்கிறாள். ஒரு பெண்ணின் உண்மையைக் குடும்பம் தெய்வக் குற்றமாகப் படிக்கிறது, அந்த வயதுத் தோழி ஒருத்தி மட்டும் சரியாகப் படிக்கிறாள். இன்று எழுதப்படும் பதின்பருவ அமானுஷ்யக் கதைக்கும் இதைவிடச் சிறந்த அடித்தளம் கிடைப்பது அரிது.

பின்வரும் படிகளை வரிசையாகவே செய்யுங்கள். பேயை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற பிள்ளையைப் பிறகு தேடும் கதைகள் பெரும்பாலும் பாதியில் தளர்ந்துவிடுகின்றன.

முதல் படி: பிள்ளையின் அச்சத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

உங்கள் கதையின் முதன்மைப் பாத்திரம் பேயைப் பார்ப்பதற்கு முன்பே எதற்கு அஞ்சிக்கொண்டிருக்கிறார்? இருட்டு, சாவு போன்ற பொதுவான பதில்கள் பயன்படா. அப்பாவின் குடி, விடுதி அறையில் தன்னை மட்டும் யாரும் பேச்சில் சேர்த்துக்கொள்ளாதது, யாரோ ஒருவரின் கைபேசியில் இருக்கும் தன் படம், பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடுமோ என்ற கவலை, தான் விரும்புகிறவரின் தெருவுக்குள் தன் வீட்டார் கால்வைக்க மாட்டார்கள் என்ற அறிவு: இவை அந்த வயதின் உண்மையான அச்சங்கள். இவற்றில் ஒன்றை எடுத்து, பெயரும் இடமும் வைத்து ஒரு வாக்கியமாக எழுதுங்கள்.

வழிகாட்டி முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சேலம் மாவட்டத்தின் மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டபோது, காவிரிக் கரையில் இருந்த ஊர்கள் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கின. மக்கள் முன்னதாகவே வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் பழைய கோயிலின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தெரிகின்றன. நீர் வடிந்த நிலத்தில் கரையோர மக்கள் பயிர் செய்கிறார்கள். இந்தக் கரையில் பரிசலில் மீன்பிடிக்கும் ஒருவரின் மகள் கயல், வயது 16, பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய அச்சம்: "அடுத்த வருசம் என்னைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பேசி முடித்துவிட்டார்கள், என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை." பேய் இன்னும் வரவில்லை, ஆனால் கதை தொடங்கிவிட்டது.

இரண்டாம் படி: அந்த அச்சத்துக்கு உறவான ஆவியைக் கண்டுபிடியுங்கள்

ஆவியின் காயமும் பிள்ளையின் அச்சமும் ஒரே வேரிலிருந்து கிளம்ப வேண்டும். கயலின் கதையில் வரும் பையன் ஊரைக் காலி செய்த நாளில் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குத் திரும்பிப் போனவன், வயது 17. அவனையும் யாரும் கேட்கவில்லை. மேலே இருப்பவர்கள் முடிவெடுத்தார்கள், வண்டி கட்டினார்கள், கிளம்பச் சொன்னார்கள். இருவருக்கும் இடையில் தொண்ணூறு ஆண்டுகள் இருந்தாலும் முதல் உரையாடலிலேயே ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள். அந்தப் புரிதல்தான் காதலின் தொடக்கமும், அச்சத்தின் தொடக்கமும்: அவனைப் பார்க்கும்போது, எதிர்த்துப் பேசாமல் விட்டால் தனக்கு என்ன ஆகும் என்பதையும் அவள் பார்க்கிறாள்.

நம் மண்ணின் ஆவிகளைக் குறித்து எழுதுபவர்கள் சற்று உழைக்க வேண்டும். முனி, மோகினி, காட்டேரி, கொள்ளிவாய்ப் பிசாசு, நீலி, கன்னித் தெய்வம் ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடிய பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் இடமும் நேரமும் வேட்கையும் காரணமும் உண்டு, அவை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பாட்டியிடமும், அவர் வயதுடைய அண்டை வீட்டாரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திரைப்படங்களில் வரும் வெள்ளைப் புடவையைவிட எத்தனையோ மடங்கு துல்லியமான விவரங்கள் அங்கே கிடைக்கும்.

பழையனூர் நீலியின் கதையை ஊன்றிப் படியுங்கள். திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் நடப்பதாகச் சொல்லப்படும் அந்தக் கதையில், முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண், பேயாகி, மறுபிறவி எடுத்த அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் இவர் மனைவி என்று சபையில் முறையிடுகிறாள். அவன் அவளோடு தங்கலாம், அவன் உயிருக்குக் கேடு வந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வேளாளர் எழுபது பேர் வாக்களிக்கிறார்கள். அவன் கொல்லப்படுகிறான், அவர்கள் தீப்பாய்ந்து வாக்கைக் காக்கிறார்கள். நீலி அநீதி இழைக்கப்பட்டவள். பொய் சொல்பவளும் அவளே. அவளால் அழிந்தவர்கள் நேர்மையானவர்கள். பதின்பருவ வாசகருக்கு இத்தகைய சிக்கலைத் தாங்கும் வலிமை உண்டு. நல்ல பேய், கெட்ட பேய் என்று பிரித்துக் கொடுத்து அவர்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

காத்தவராயன், மதுரை வீரன், முத்துப்பட்டன் ஆகியோரின் கதைப்பாடல்களையும் அறிந்திருப்பது நல்லது. சாதி எல்லையைக் கடந்த காதல், அதன் வழியே வரும் சாவு, பிறகு தெய்வநிலை என்று அவை நகர்கின்றன. வாழவிடாத சமூகமே பிறகு பொங்கல் வைத்து வணங்குகிறது. இந்த முரணைத் தொடத் துணிந்தால் உங்கள் கதைக்கு ஆழம் கிடைக்கும். ஆனால் இவர்கள் இன்றும் பல குடும்பங்களின் குலதெய்வங்கள். வழிபாட்டில் இருக்கும் தெய்வத்தை அப்படியே பெயர் சொல்லிக் கதையின் கொடூரப் பாத்திரமாக ஆக்குவது பிறர் வீட்டு நடுக்கூடத்தில் செருப்போடு நுழைவதற்கு ஒப்பாகும். கற்பனையான ஒரு சிறுதெய்வத்தை, அதற்குரிய கதையோடும் முறைமையோடும் நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஒரு விதி, ஒரு காலக்கெடு

அமானுஷ்யத்துக்கு ஒரே ஒரு விதியை வையுங்கள், அதைக் கடைசிவரை மீறாதீர்கள். கயலின் கதையில் அந்த விதி: நந்தியின் கழுத்து தண்ணீருக்கு மேலே இருக்கும் நாட்களில் மட்டுமே அந்தப் பையன் கரைக்கு வரமுடியும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஏன் கழுத்து, ஏன் பாதம் இல்லை என்று எந்த வாசகரும் கேட்கமாட்டார். கழுத்து மூழ்கிய பிறகும் அவன் வந்து நின்றால் நிச்சயம் கேட்பார்.

விதி காலக்கெடுவாகவும் அமைந்தால் கதை தானாக நடக்கும். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி. டெல்டாவின் குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12ஆம் தேதி அணையைத் திறப்பது மரபு. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை வலுத்து, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால் மேட்டூருக்கு நீர்வரத்து கூடும். அன்றாட நீர்மட்டம் நாளிதழ்களில் வருகிறது. ஆகவே கயல் ஒவ்வொரு காலையும் டீக்கடைப் பெஞ்சில் கிடக்கும் நாளிதழில் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவாள். ஊரே மழைக்காக வேண்டிக்கொண்டிருக்கும்போது, அவள் ஒருத்தி மட்டும் மழை வேண்டாம் என்று வேண்டுவாள். டெல்டா விவசாயிகளின் வயிற்றில் அடிக்கும் வேண்டுதல் அது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். தாலியும் தாயத்தும் இல்லாமலேயே காதல், குற்ற உணர்ச்சி, அச்சம் மூன்றும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்துவிட்டன. உங்கள் இடத்தில் இப்படி உண்மையான இயக்கம் கொண்ட ஏதேனும் ஒன்று கட்டாயம் இருக்கும்: உப்பளத்தின் பருவம், கடலின் ஓதம், ஆலையின் சங்கு, கோயில் கொடியேற்றம் முதல் கொடியிறக்கம் வரையிலான நாட்கள். அதைத் தேடுங்கள்.

நான்காம் படி: அச்சத்தைப் புலன்களின் வழியாகக் கட்டுங்கள்

"திடீரென்று ஒரு பயங்கர உருவம் தோன்றியது, அவள் வீலென்று அலறினாள்" என்ற வாக்கியத்தில் வாசகர் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை. பயங்கரம் என்று சொல்லப்பட்டுவிட்டதால் அவர் அதைக் காணவேண்டிய வேலையே இல்லாமற்போகிறது. அதே இடத்தை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"கயல் பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள். தண்ணீரிலிருந்து மேட்டுக்கு அவளுடைய காலடித் தடங்கள் சேற்றில் பதிந்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சோடித் தடம் மேலே ஏறியிருந்தது. பரிசலில் அவள் தனியாகத்தான் வந்தாள்."

உருவம் இல்லை, அலறல் இல்லை. கணக்கு மட்டும் தவறுகிறது. இந்தத் தவறிய கணக்கை வாசகரே கண்டுகொள்ளும் கணத்தில்தான் முதுகு சில்லிடும்.

இரவைப் பற்றி எழுதுமுன் இரவைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆக்காட்டிக் குருவி நள்ளிரவிலும் ஆளரவம் கேட்டுக் கத்தும். கூகையின் கரகரத்த அலறல், கேட்டுப் பழகாதவருக்கு மனிதக் குரலாகவே தோன்றும். காற்றில் காய்ந்த பனையோலைகள் உரசும்போது யாரோ கூரையில் நடப்பதாகப் படும். ஏழிலைப் பாலை மரம் மழைக்காலத்தின் பின்பகுதியில் பூத்து, இரவில் தலைசுற்ற வைக்கும் அடர்ந்த மணத்தைப் பரப்பும். அதில் யட்சி குடியிருப்பதாகக் கேரளத்தில் சொல்வார்கள். சதுப்பில் மட்கும் தாவரங்களிலிருந்து எழும் வாயு தீப்பற்றுவதையே கொள்ளிவாய்ப் பிசாசு என்கிறார்கள் என்று விளக்குபவர்கள் உண்டு. இத்தகைய இயற்கைக் காரணங்களை மறைக்காதீர்கள். முதல் இரண்டு நிகழ்வுகளுக்குக் காரணம் கிடைக்கட்டும். கயலின் அப்பாவே "அது ஆக்காட்டிம்மா, தூங்கு" என்று சொல்லட்டும், அது உண்மையாகவும் இருக்கட்டும். மூன்றாவதுக்கு எந்தக் காரணமும் பொருந்தாமல் போகும்போது, தன் அறிவைப் பயன்படுத்தித் தோற்றவராக வாசகர் அஞ்சுவார். அந்த அச்சத்துக்குத்தான் மதிப்பு.

அமுக்குவான் பேய் என்று சொல்லப்படுவதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். விழிப்பு வந்தபின்னும் கை கால் அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் உணர்வது, பதின்பருவத்தில் பலருக்கு முதன்முதலாக நேர்கிறது. கனவு காணும் உறக்கநிலையில் உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும்; அந்தத் தளர்வு நீங்குமுன் மனம் விழித்துக்கொண்டால் இப்படி ஆகும். உங்கள் கதையில் இது வந்தால், பாத்திரங்களில் ஒருவருக்காவது இந்த விளக்கம் தெரிந்திருக்கட்டும். இரவில் அதை அனுபவித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கும் ஒரு பிள்ளை உங்கள் கதையைப் படிக்கக்கூடும்.

ஐந்தாம் படி: காதலை நேர்மையாக எழுதுங்கள்

அமானுஷ்யக் காதல் கதைகளில் மிக அதிகமாகப் பொய் கலப்பது இங்கேதான் என்பதால், இந்தப் படியில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

முதல் பொய், பின்தொடர்வதைக் காதல் என்று காட்டுவது. ஆவிக்குச் சுவர் தடையில்லை என்பதால், அவள் உறங்கும்போது அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதும், அவள் யாரோடு பேசுகிறாள் என்று கண்காணிப்பதும் கனிவாகவே எழுதப்படுகின்றன. உயிருள்ள ஓர் ஆண் அதைச் செய்தால் நாம் என்ன சொல்வோமோ அதையே ஆவிக்கும் சொல்ல வேண்டும். கயலின் கதையில் அந்தப் பையன் கரையைத் தாண்டி வருவதில்லை. அவள் வரும்வரை காத்திருக்கிறான். அவள் வராத நாட்களும் உண்டு, அதற்கு அவள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை அவன் அழைக்கப்படாமல் அவள் வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்டால், கதை அதைத் தவறாகவே காட்டட்டும். அவள் சினம் கொள்ளட்டும். அவன் விளக்கம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்கட்டும்.

இரண்டாம் பொய், வயது. முந்நூறு ஆண்டு வாழ்ந்து உலகை அறிந்த ஒன்று பதினாறு வயதுப் பெண்ணிடம் காதல் சொல்வது சமமான உறவு ஆகாது, முகம் எவ்வளவு இளமையாக இருந்தாலும். என் பரிந்துரை, பதினேழில் இறந்தவன் பதினேழிலேயே நின்றுவிட்டான் என்று வைப்பது: அவனுக்குப் பிறகு வந்த எதுவும் அவனுக்குத் தெரியாது, அவளைவிட அறிவாளியாக அவன் பேச முடியாது. இதிலிருந்து உண்மையான துயரம் ஒன்று கிளைக்கிறது. கயலுக்கு அடுத்த ஆண்டு 17, அதற்கடுத்த ஆண்டு 18. அவள் அவனைக் கடந்து வளர்ந்துகொண்டே போவாள். முதல் காதலைப் பற்றி அந்த வயதினர் சொல்லத் தெரியாமல் அஞ்சுவதும் இதுதானே: நான் மாறிவிடுவேன், அப்போது இது என்ன ஆகும்?

மூன்றாம் பொய், ஒருவருக்காக இன்னொருவர் அழிவதே அன்பின் உச்சம் என்பது. கயலை நீருக்குள் தன்னோடு வரும்படி அவன் அழைக்கும் காட்சி ஒன்று வரத்தான் வேண்டும், ஏனெனில் இந்தக் கதையின் உண்மையான பேயச்சம் அந்த அழைப்பில் இருக்கிறது. அவன் கெட்டவன் என்பதால் அழைக்கவில்லை, தனிமை தாளாமல் அழைக்கிறான். அந்த அழைப்பு இனிமையாக ஒலிக்கும் என்பதையும், அது கொடியது என்பதையும் ஒரே காட்சியில் வாசகர் உணரும்படி எழுதுவதுதான் இந்தக் கதையில் உங்களுக்கான தேர்வு.

உடல் நெருக்கம் குறித்து ஒரு தெளிவு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட அனைவரும் குழந்தைகள். உங்கள் பாத்திரங்கள் பதின்பருவத்தினர் என்றால் பாலியல் காட்சிகள் கதைக்குள் வரக்கூடாது. எழுத்தாளருக்கு இதனால் இழப்பு எதுவும் இல்லை. கைகள் தொட்டுக்கொள்ள முடியாத இருவர், பரிசலின் இரு விளிம்புகளில் அமர்ந்து ஒரே துடுப்பைப் பிடித்திருக்கும் காட்சியில் வாசகரின் மூச்சு நின்றுவிடும்.

ஆறாம் படி: பெரியவர்களை மனிதர்களாக எழுதுங்கள்

அப்பா கொடுங்கோலர், அம்மா அழுமூஞ்சி, பூசாரி மோசடிக்காரர் என்ற வார்ப்புகள் எளிதில் கைக்கு வரும். கயலின் அப்பாவுக்குக் கடன் இருக்கிறது, மனைவியின் தம்பி நல்லவர் என்று மனதார நம்புகிறார், மகளை வெளியூர் விடுதிக்கு அனுப்ப அஞ்சுகிறார். அவருடைய அச்சமும் உண்மையானது. அதனால்தான் அவரோடு பேசுவது பேயோடு பேசுவதைவிடக் கடினமாக இருக்கிறது. அப்படி எழுதினால், கதையின் உச்சக்காட்சி நள்ளிரவு ஏரிக்கரையில் நடக்கவேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அடுப்படியில் நடக்கலாம்.

பேயோட்டும் காட்சி வைப்பவர்கள் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதியை நினைவில் கொள்ள வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயைப் பேய்பிடித்ததாக எண்ணிக் கட்டிவைக்கும் வழக்கத்தின் விலை அது. உங்கள் கதையில் ஒரு பெண்ணை அடித்தோ கட்டிவைத்தோ பேயை விரட்டினால், அது பலித்ததாகக் காட்டாதீர்கள். அதே நேரத்தில் கோயிலுக்கும் தர்காவுக்கும் போகும் மக்களை அறிவற்றவர்களாகவும் வரையாதீர்கள். மருத்துவரிடம் சொல்ல முடியாததை அங்கே போய் அழுது தீர்ப்பவர்கள் ஏராளம். சாமி வந்து ஆடும்போது மட்டுமே வீட்டில் தன் பேச்சு எடுபடும் பெண்களும் இருக்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்கத் தெரிந்தால் வெறியாட்டுப் பாடல்கள் தொட்ட இடத்தை உங்கள் கதையும் தொடும்.

ஏழாம் படி: சாவை மதித்து எழுதுங்கள்

தற்கொலை செய்துகொண்ட பெண் பேயாகத் திரும்பி வந்து, உயிரோடிருந்தபோது கிடைக்காத நீதியையும் காதலையும் பெறுகிறாள் என்பது நம் பேய்க்கதைகளில் மிகப் பழகிய அமைப்பு. பதின்பருவத்தினருக்கு இதை எழுதவேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். செத்தால் எல்லோரும் வருந்துவார்கள், அப்போதுதான் நான் சொல்வதைக் கேட்பார்கள் என்ற எண்ணம் துன்பத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே வந்திருக்கக்கூடும்; உங்கள் கதை அதற்குச் சான்று அளித்துவிடும். தற்கொலை கதையில் வந்தே தீரவேண்டுமென்றால் அதன் முறையை விவரிக்காதீர்கள், அதை விடுதலையாகவோ பழிவாங்கலாகவோ அழகுபடுத்தாதீர்கள், உதவி கிடைக்கும் வழி ஒன்றைக் கதைக்குள்ளேயே வையுங்கள். நூலின் முன்பக்கத்தில் மனநல ஆலோசனைக்கான 14416, தமிழ்நாட்டின் 104, குழந்தைகள் உதவிக்கான 1098 ஆகிய எண்களை அச்சிடலாம். கயலின் கட்டாயத் திருமணத்தைத் தடுக்கவும் 1098 உதவும். அந்த எண் கதையின் ஒரு காட்சியில், பள்ளிச் சுவரில் எழுதப்பட்டதாகவே இடம்பெறலாம்.

உண்மையான பேரிடர்களில் இறந்தவர்களை ஆவிகளாக்குவது குறித்தும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியையும் அங்கு சென்றுகொண்டிருந்த பயணிகள் இரயிலையும் அழித்தது. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்தப் பெற்றோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளை நம் கதையின் திகிலுக்குப் பயன்படுத்த நமக்கு உரிமையில்லை. மேட்டூர்க் கதையிலும் நான் அந்தப் பையனைக் கற்பனையாகவே வைத்திருக்கிறேன். எழுதி வெளியிடும்போது அணைக்கும் ஊருக்கும் வேறு பெயர் சூட்டிவிடுவது நல்லது.

எட்டாம் படி: மொழி

கதைசொல்லி எழுத்துத் தமிழில் பேசலாம், பாத்திரங்கள் தம் ஊர்ப் பேச்சில் பேச வேண்டும். பதினாறு வயதுப் பெண் நாடக வசனம் பேசினால் அடுத்த பக்கத்தைப் புரட்ட ஆள் இருக்காது. கயலின் கதையில் மொழியே ஒரு வாய்ப்பு: பையன் 1934இல் நின்றுவிட்டவன். அணாவிலும் மைலிலும் கணக்குச் சொல்வான், கைபேசி வெளிச்சத்தைக் கண்டு அரிக்கேனை ஏன் இவ்வளவு தட்டையாகச் செய்திருக்கிறார்கள் என்று கேட்பான். இவற்றை வேடிக்கைக்காக மட்டும் வைக்காதீர்கள். "எங்க ஊர்க்காரங்கள்லாம் எங்க போனாங்க?" என்று அவன் கேட்கும்போது, தன் பாட்டியின் பாட்டி அந்த ஊர்தான் என்று கயலுக்கு உறைக்க வேண்டும். "கேக்காமயே கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று அவள் சொல்லும் பதில் இருவருக்கும் பொருந்தும்.

பெயரடைகளைக் குறையுங்கள். அமானுஷ்யம், திகில், மர்மம், அகோரம் ஆகிய நான்கு சொற்களை முதல் வரைவில் தேடி நீக்கினாலே பாதி வேலை முடியும்.

ஒன்பதாம் படி: முடிவு

மூன்று முடிவுகள் வாசகரை ஏமாற்றுகின்றன. எல்லாம் கனவு என்பது ஒன்று. சொத்துக்காகச் சித்தப்பா போட்ட பேய் நாடகம் என்பது இன்னொன்று. துப்பறியும் கதையில் அது முறையான முடிவு, ஆனால் இருநூறு பக்கம் ஆவியோடு அழுதவரிடம் அதைச் சொல்வது கொடுமை. மூன்றாவது, ஆவிக்கு உயிர் வந்துவிடுவது.

கயலின் கதையில் மழை வரும், நீர்வரத்து கூடும், நந்தியின் கழுத்து மூழ்கும். விதியை மாற்றக்கூடாது. ஆனால் அவள் நீரோடு போகாமல் கரையில் நிற்பதற்கான காரணம் அதற்கு முந்தைய பக்கங்களிலேயே விளைந்திருக்க வேண்டும்: அவனிடம் சொல்லிப் பழகிய சொற்களை அவள் அப்பாவிடம் சொல்லத் தொடங்கியிருப்பாள். திருமணப் பேச்சு நின்றதா என்பதை முழுமையாகத் தீர்த்துவைக்கத் தேவையில்லை. அப்பா பதில் சொல்லாமல் எழுந்து போனாலும், அவள் கேட்டுவிட்டாள். பேய் போய்விட்டது, பிரச்சினை இருக்கிறது, அவள் முன்பைவிடப் பலம் பெற்றிருக்கிறாள். பதின்பருவத்தினர் நம்பக்கூடிய முடிவு பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

பத்தாம் படி: உரியவர்களிடம் படிக்கக் கொடுங்கள்

வரைவு முடிந்ததும் 14 முதல் 17 வயதுக்குள் இருக்கும் சிலரிடம், அவர்களின் பெற்றோருக்கும் தெரியப்படுத்தி, படிக்கக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பார்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கைபேசியை எடுத்தாய், எந்த இடத்தில் இவன் செய்வது சரியில்லை என்று தோன்றியது, எந்த வசனத்தை உன் வகுப்பில் யாரும் பேசமாட்டார்கள் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் ஐந்தாம் படியின் காட்சிகளைப் படித்துவிட்டு வேறுவேறு விதமாகப் பதில் சொன்னால், அந்தக் காட்சிகளை மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது என்று பொருள்.

அணைக்கரையைப் பற்றி எழுதினால் அங்கே பரிசல் ஓட்டுபவர் ஒருவரிடமும், சாமியாட்டம் எழுதினால் அந்தக் கோயில் குடிப்பாட்டைச் சேர்ந்த ஒருவரிடமும் உரிய பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தும் சிறு விவரங்கள், துடுப்பை எந்தப் பக்கம் போடுவார்கள், சாமி இறங்கும்போது யார் தாங்கிப் பிடிப்பார்கள் என்பவை, கதையின் அச்சத்தை வேறெதையும்விட நம்பத்தக்கதாக ஆக்கும். திருத்தங்களைச் சேர்த்த பிறகு முழுவதையும் ஒருமுறை வாய்விட்டு, இரவில், தனியாகப் படியுங்கள். உங்களுக்கே குரல் தாழும் இடங்களைக் குறித்துக்கொண்டு அவற்றில் கைவைக்காமல் விட்டுவிடுங்கள்; குரல் சலிக்கும் இடங்களை வெட்டுங்கள்.